நாற்பத்தேழு நாள் காய்ச்சல்

துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் பள்ளி வேன் ஓட்டும் நல்லம்மாளை நல்லவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்குத் தயக்கம். வாய் அதிகம். பிள்ளை இறங்கி வர இரண்டு நிமிடம் தாமதித்தால் ஃபிளாட் முழுக்கக் கேட்கும்படி ஹாரனை அழுத்துவார். வேனில் பாட்டுப் போடச் சொன்னால், "கல்யாண வீடா இது?" என்பார். ஆனால் சாப்பிடாமல் வரும் பிள்ளையை அது ஏறும்போதே கண்டுபிடித்துவிடுவார். எப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"சாப்பிட்ட புள்ள படியில ஏறும். சாப்பிடாத புள்ள கம்பியப் புடிச்சு ஏறும்," என்றார்.

என் மகள் ஆறு ஆண்டுகள் அவருடைய வேனில்தான் தமிழ்ப்பள்ளிக்குப் போய்வந்தாள். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் ஒரு பகுதி நான் பார்த்தது, ஒரு பகுதி மகள் சொன்னது. மீதியை அவரே சொன்னார், பெரும்பாலும் யாரையாவது திட்டுவதற்கு நடுவில்.

அவருக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. முதலில் வேனை ஓட்டியவர் அவர் கணவர் பாலன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பாலனுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. வேனை விற்றுவிடச் சொன்னார்கள். நல்லம்மாள் லைசன்ஸ் எடுக்கப் போனார். தேர்வு மலாய் மொழியில், கணினியில். மூன்று முறை தோற்றார். நான்காவது முறை தேறி வந்தபோது, கேள்விகளைப் படித்துப் பதில் சொல்லவில்லை, பதில்கள் திரையில் எந்த இடத்தில் இருக்கும் என்பதை மனப்பாடம் செய்துவிட்டதாகச் சொன்னார். நான் அதை முழுதாக நம்பவில்லை. பாதி நம்புகிறேன்.

மதிய வேளையில் அவர் ஏற்றிச் செல்வது இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளை. அந்தப் பள்ளியில் இடம் போதாது. அதனால் மூன்றாம் படிவ வகுப்பும் அதற்கு மேலும் காலையில் வரும். முதல் இரண்டு படிவங்கள் மதியம் ஒரு மணிக்குத் தொடங்கி மாலை ஆறரைக்கு முடியும். காலையில் ஒருவன் உட்கார்ந்து சூடாக்கிவிட்டுப் போன நாற்காலியில் மதியம் இன்னொருவன் உட்காருவான். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகளுக்கு நடுவே நல்லம்மாள் வேனை நுழைத்து நுழைத்து ஓட்டி, பதின்மூன்று பேரைப் பள்ளி வாசலில் இறக்குவார்.

அந்த வாசலில்தான் அவருடைய இன்னொரு வேலை நடக்கும். பள்ளிக்கு வராத பிள்ளைக்கு வீட்டிலிருந்து கடிதம் வர வேண்டும் என்பது விதி. ஆனால் அவர் வேன் போகும் ஃபிளாட்டுகளில் கடிதம் எழுத யாருக்கும் நேரமில்லை. அப்பா லோரியில், அம்மா ஷிப்டில். அதனால் பல ஆண்டுகளாக ஒரு வழக்கம் படிந்திருந்தது: யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று வேன் ஆன்டி வாசலில் நிற்கும் ஆசிரியரிடம் வாயால் சொல்லிவிடுவார். ஆசிரியரும் தலையாட்டிக்கொள்வார்.

அவர் சொல்லும் காரணங்கள் உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. காலில் போடும் சப்பாத்து கிழிந்துபோனதால் வராத பிள்ளைக்கு வயிற்றுவலி என்பார். அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டு விடிய விடியத் தூங்காத பிள்ளைக்குக் கோயில் பூசை. இதில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரே பிள்ளையின் பெரியப்பாவை ஒரு வருடத்தில் இரண்டு முறை சாகடிக்க மாட்டார்.

"பொய் சொல்றீங்களே" என்று நான் கேட்டதுண்டு.

"புள்ளைக்குச் சப்பாத்து இல்லன்னு நாலு பேர் கேக்கச் சொல்லணுமா? மானம் போவும்லா," என்றார்.

எனக்கு அப்போது அது சரியான பதிலாகத்தான் பட்டது.

லோஷினிக்குப் பதினான்கு வயது, இரண்டாம் படிவம். நான்காவது மாடியில் வீடு. மின்தூக்கி பழுதாகி எத்தனை மாதம் என்று அங்கே யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை. அவள் அம்மா தாமரை துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் சரக்குப் பெட்டிகளுக்கு முகவரி ஒட்டும் வேலை செய்கிறார். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. எந்த ஷிப்டானாலும் பன்னிரண்டு மணி நேரம். அப்பா ஜொகூரில் இருக்கிறார் என்பதோடு அந்தப் பேச்சை வீட்டில் நிறுத்திக்கொள்வார்கள். தம்பி பிரவினுக்கு நான்கு வயது.

லோஷினி வேனில் ஏறிவிட்டால் மற்ற பன்னிரண்டு பேரும் அவளைத்தான் பார்ப்பார்கள். ஆசிரியர்களைப் போலவே பேசிக் காட்டுவாள். தலைமையாசிரியர் ஒலிபெருக்கியைத் தட்டித் தட்டிப் பார்ப்பதையும், கணக்கு ஆசிரியை கண்ணாடியைத் தேடுவதையும் செய்துகாட்டுவாள். நல்லம்மாளையும் விடவில்லை.

"ஆன்டி, உங்க வேன் ஏசியில வர்றது காத்தா, அடுப்புப் புகையா?"

"எறங்கி லோரியில போடி. அங்க ஏசி நல்லாருக்கும்."

"லோரிக்காரரு ஹாரன் அடிக்க மாட்டாரு ஆன்டி. அதுக்காகவே போலாம்."

வகுப்பில் அவள் அப்படி இல்லை என்று பின்னால் தெரிந்தது. தேர்வு மதிப்பெண் பார்த்து அந்தப் பள்ளியில் பிள்ளைகளை ஏழு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். அவள் ஏழாவதில். அந்தக் கடைசி வகுப்புக்கு மலாயில் 'விடாமுயற்சி' என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தவருக்கு நல்ல மனம் என்றே எடுத்துக்கொள்கிறேன். நாற்பத்து மூன்று பிள்ளைகள், நான்கு மின்விசிறி, அதில் சுழல்வது இரண்டு. தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணக்குப் படித்துவிட்டு வந்த லோஷினி அங்கே கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் மாதத்தில், பிரவினைப் பகலில் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மாள் பந்திங் ஊரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். அதிலிருந்து தாமரைக்குப் பகல் ஷிப்ட் வரும் இரண்டு வாரமும் லோஷினி வீட்டில். நல்லம்மாள் கீழே ஹாரன் அடிப்பார். நான்காவது மாடி நடைபாதையில் லோஷினி வந்து நிற்பாள், இடுப்பில் தம்பி. வரவில்லை என்று கையை ஆட்டுவாள். நல்லம்மாள் மேலே பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார், வண்டியை எடுப்பார். வாசலில் போய், "லோஷினிக்குக் காய்ச்சல் சார்," என்பார்.

வாசலில் பெரும்பாலும் நிற்பவர் முகுந்தன். முப்பத்தோரு வயது, அறிவியல் ஆசிரியர், லோஷினியின் வகுப்பாசிரியரும் அவர்தான். சரி ஆன்டி என்று கைப்பேசியில் எதையோ அழுத்துவார். பின்னால் நான்கு வேன்கள் ஹாரன் அடிக்கும். நல்லம்மாள் நகர்ந்துவிடுவார்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு நாள் முகுந்தன் வேன் சன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"ஆன்டி, ஓரமா நிப்பாட்டுங்க. அந்தப் பொண்ணுக்கு உண்மையில என்ன வியாதி?"

"காய்ச்சல்தான் சார். சத்து இல்லாத உடம்பு."

"நாப்பத்தேழு நாள் காய்ச்சலா?"

நல்லம்மாள் எஞ்சினை அணைத்தார்.

"மூணாவது வார்னிங் லெட்டரும் போயிருச்சு ஆன்டி. அவங்க அம்மா ஒரு போன்கூடப் பண்ணல. அறுபது நாள் ஆனா பேர எடுத்துருவாங்க. எழுதியே அனுப்பிருவாங்க, இனி இந்தப் பள்ளி மாணவி இல்லன்னு."

"நான்தான் ஒவ்வொரு நாளும் சொன்னேனே சார். சொல்லிட்டா போதும்னு நெனச்சேன்."

"காய்ச்சல்னா டாக்டர் குடுக்குற எம்.சி. வேணும். நீங்க வாயால சொல்றது எம்.சி. ஆவுமா? அந்த நாள் எல்லாம் வராத நாளாத்தான் ஏறும்." பிறகு சொன்னார்: "நீங்க காய்ச்சல்னு சொன்னதாலதான் நான் வீட்டுக்குப் போய்ப் பாக்கல ஆன்டி. காய்ச்சல்னா டாக்டர் வேலை. வீட்டுல பிரச்சினைன்னா அது என் வேலை."

இதை நல்லம்மாள் என்னிடம் சொன்னபோது முகுந்தனின் குரலை மாற்றாமல் அப்படியே சொன்னார். அவர் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்றார். முகுந்தன் உண்மையிலேயே போய்ப் பார்த்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. நாற்பத்து மூன்று பிள்ளைகள் உள்ள வகுப்பில், நான்கு மாடி ஏறப் போகிறவர் எத்தனை பேர்? ஆனால் போகாமல் இருக்க அவருக்கு ஒரு நல்ல காரணத்தை நல்லம்மாள் ஐந்து மாதமாகக் கையில் கொடுத்துவந்தார். அது மட்டும் நிச்சயம்.

முகுந்தன் சொன்னது நல்லம்மாளை ஏன் அப்படி அடித்தது என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பதின்மூன்று வயதில் அவரும் இப்படி ஓர் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மலாய் பழகுவதற்காக ஒரு வருடம் புகுமுக வகுப்பில் இருக்க வேண்டும். ஆசிரியர் பேசியது பாதி விளங்கவில்லை. தலையாட்டியே ஏழு மாதம் ஓட்டினார். ஒரு திங்கட்கிழமை போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. யாராவது வந்து கேட்பார்கள், அப்பாவிடம் அடி விழும் என்று இரண்டு வாரம் பயந்துகொண்டே இருந்தாராம். யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் ஒரு தையல் ஆலையில் நூல் வெட்டப் போய்விட்டார்.

"யாரும் வராததுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அடிச்சிருந்தாக்கூடப் பரவால்ல," என்று சொல்லியிருக்கிறார்.

பள்ளிகள் பிள்ளைகளைத் தேடுவதில்லை என்பது அவருடைய வாழ்நாள் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பின் மேல் நின்றுதான் அவர் பொய் சொன்னார். தேடாத பள்ளியிடம் உண்மையைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இப்போது ஒருவர் தேடக்கூடும் என்ற இடத்தில், வழியை மறித்து நின்றவர் தாமே என்று தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை தாமரைக்கு விடுமுறை. நல்லம்மாள் முட்டிவலியோடு நான்கு மாடியும் ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி, மின்தூக்கியைத் திட்டிவிட்டு ஏறினார். தாமரை கதவைத் திறந்ததும் வேன் கட்டணம் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து முகம் சுருங்கினார்.

"அதுக்கு இல்லம்மா. உக்காரு. இந்தப் புள்ள பேர எடுக்கப் போறாங்களாம்."

தாமரைக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. மூன்று கடிதங்களும் பழைய வாடகை வீட்டு முகவரிக்குப் போயிருந்தன. அங்கிருந்து வந்து இரண்டு வருடமாகிறது. பள்ளியில் மாற்றிச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஆயிரம் பெட்டிகளுக்கு நாள் முழுக்கச் சரியான முகவரி ஒட்டும் பெண்ணின் சொந்த முகவரி பள்ளியில் தவறாக இருந்தது.

"என்ன செய்யச் சொல்றீங்கக்கா? சின்னவன உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போவவா? போன மாசம் அந்த புளோக்குல ஒரு பிள்ள பால்கனியில ஏறி நின்னத நீங்களும் பாத்தீங்கதான?" தாமரை அழவில்லை. கோபமாகத்தான் பேசினார். "வேலைய விட்டா யார் சோறு போடுவா? அவ ஒரு நாள் படிக்கலன்னா என்ன, அடுத்த நாள் படிச்சிப்பான்னு நெனச்சேன். ஒரு நாள் ஒரு நாள்னு இப்படி ஆயிருச்சு."

லோஷினி தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"விடுங்க ஆன்டி. நான் எப்படியும் கடைசி கிளாஸ். நான் இல்லன்னா அங்க யாருக்கும் தெரியாது. ஒரு நாக்காலி மிச்சம், அவ்ளோதான்."

"தெரியாதா? நாப்பத்தேழு நாள்னு சார் சரியா சொன்னாருடி."

"நாள் தெரியும் ஆன்டி. என்னத் தெரியாது."

அதை இன்றுவரை நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கு ஆயிரத்து எழுநூறு பிள்ளைகளின் வருகை தெரியும், மதிப்பெண் தெரியும், அப்பாவின் வேலை எந்தக் கட்டத்தில் நிரப்பப்பட்டிருக்கிறது என்பதும் தெரியும். பாடநூல் இரவல் கொடுக்கிறார்கள், கட்டணம் கேட்பதில்லை. விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அறுபது நாள் என்பது டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் அறுபது நாள், தாமரை வீட்டுப் பிள்ளைக்கும் அறுபது நாள். விதி ஒன்றாக இருப்பது நியாயத்தின் முதல் படி என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். முதல் படியிலேயே நின்றுவிடுகிறவர்கள் மேலே வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வதுதான் சிக்கல்.

"நீ வரணும்னு நெனைக்கிறியா, இல்லையா? அத மட்டும் சொல்லு," என்றார் நல்லம்மாள்.

லோஷினி சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தாள். பிரவின் வாயைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"அறிவியல்ல கண்ணு பாடம் நடத்துறாங்களாம். மாட்டுக் கண்ண வெட்டிக் காட்டுனாராம் முகுந்தன் சாரு. நான் மட்டும் பாக்கல," என்றாள்.

அதை விருப்பம் என்று நல்லம்மாள் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை தாமரை அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். அவரும் நல்லம்மாளும் துணைத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனார்கள். மலாய்க்காரர், ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருந்தன. முகுந்தனும் வந்து நின்றார். தாமரை வீட்டு நிலையைச் சொன்னார். ஆசிரியை முகவரியை அங்கேயே திருத்தினார். பிறகு நாட்களைப் பற்றிச் சொன்னார்: கழிந்த நாட்களைத் தம்மால் அழிக்க முடியாது, மருத்துவச் சான்று இல்லாத நாள் வராத நாள்தான். மீதமிருப்பது பதின்மூன்று. வருடம் முடிய மூன்றரை மாதத்துக்கு மேல் இருந்தது. அந்தப் பதின்மூன்றும் தீர்ந்துபோனால் தம் கையில் எதுவும் இல்லை.

நல்லம்மாள் அப்போது எழுந்து நின்று, தமக்குத் தெரிந்த கடைத்தெருப் பசார் மலாயில், காய்ச்சல் என்று சொன்னது பொய், ஐந்து மாதமும் பொய், அந்த அம்மாவுக்கு அது தெரியாது, தப்பு தம்முடையது என்று சொன்னார். உட்கார்ந்துகொண்டே சொல்ல முடியவில்லை என்றார் என்னிடம்.

ஆசிரியை திட்டவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"இந்த வருடம் இன்னும் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னீர்கள்?"

இதை நல்லம்மாள் எதிர்பார்க்கவில்லை. வாசலில் அவர் சொல்லிக்கொள்வார் என்று நம்பி நடைபாதையிலிருந்து கையாட்டிய பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய வீட்டுக் கதைகள் அவரிடம் பத்திரமாக இருந்தன. அதுதான் வேன் ஆன்டியின் மரியாதை. சொல்லிவிட்டால் அந்த மரியாதை போகும். சொல்லாவிட்டால் அடுத்த ஆகஸ்டில் இன்னொரு பிள்ளைக்காக இதே அறையில் நிற்க வேண்டும்.

"லெட்டர் போவாதுல்ல சார்? வீட்டுக்கு லெட்டர் போட்டு மானத்த வாங்க மாட்டீங்கள்ல?" என்று முகுந்தனிடம் தமிழில் கேட்டார்.

"நான்தான் போவேன் ஆன்டி. லெட்டர் போவாது."

ஏழு பெயர்கள் சொன்னார். ஒருத்தன் கார் கழுவப் போகிறான். ஒருத்திக்கு மாதத்தில் மூன்று நாள் வேண்டியதை வாங்க வீட்டில் காசில்லை. ஒருவனுக்கு எழுத்தே கூட்டத் தெரியாது, அதை மறைக்க வயிற்றுவலி. முகுந்தன் எழுதிக்கொண்டே வந்தவர் அந்தப் பெயரில் பேனாவை நிறுத்தினார். அவன் அவருடைய வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்காருகிறவன்.

பதின்மூன்று நாள் என்பது பதின்மூன்று நாள்தான். பிரவினை யார் பார்ப்பது என்ற கேள்வி அப்படியே இருந்தது. அரசு பாலர் பள்ளியில் அந்த வருடத்துக்கு இடம் முடிந்திருந்தது. பள்ளியின் கையில் அதற்கு ஒரு வழியும் இல்லை, ஆசிரியை அதை மறைக்காமல் சொன்னார். வெளியே வந்து வேன் பக்கத்தில் நின்றபோது நல்லம்மாள் தாமரையிடம் சொன்னார்:

"சின்னவன மத்தியானம் எங்கிட்ட குடு. அக்காவ ஏத்தும்போது அவனையும் ஏத்திக்கிறேன். எங்க வீட்டுக்காரரு சும்மாதான் உக்காந்திருக்காரு."

"அவருக்கே நீங்கதான பாக்கணும் அக்கா?"

"ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கட்டும். நமக்கு என்ன."

காலையில் லோஷினி, மதியத்திலிருந்து பாலன் என்று பகல் ஷிப்ட் வாரங்கள் ஓடத் தொடங்கின. அந்தச் செப்டம்பரில் ஒரு மாலை நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பாலனும் பிரவினும் தொலைக்காட்சிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாலனின் குழறலில் எனக்குப் பத்தில் மூன்று சொல்தான் புரியும். பிரவினுக்கு எல்லாம் புரிந்தது. "தாத்தா ஃபேன் போடச் சொல்றாரு அங்கிள், கால மடக்காதீங்க, நீட்டி உக்காருங்கன்னு சொல்றாரு," என்று எனக்கு எடுத்துச் சொன்னான். பதினான்கு ஆண்டுகளில் பாலனுடன் அவ்வளவு நேரம் யாரும் பேசியதை நான் பார்த்ததில்லை.

இருந்தாலும் இதை வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு பெரிய நகரத்தின் பொதுப்பள்ளி தன் மாணவியைத் தக்கவைத்துக்கொண்டது, ஒரு பக்கவாதக்காரரின் வரவேற்பறையில் இடம் இருந்ததால். அந்த இடம் இல்லாத பிள்ளைகள் எத்தனை மாடிகளில் நிற்கிறார்கள்? முகுந்தன் ஏழு வீட்டில் ஐந்துக்குப் போனார். எழுத்துத் தெரியாத பையனை வாரம் இரண்டு நாள் அரைமணி முன்னதாக வரச் சொல்லி உட்காரவைக்கிறார். கார் கழுவும் பையன் திரும்பவில்லை. முகுந்தனுக்கும் ஒரு குழந்தை இருக்கிறது, மாலையில் வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷனும் உண்டு. அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒருவருடைய நல்ல மனத்தை நம்பி நிற்பதைப் பள்ளிக்கூட ஏற்பாடு என்று சொல்ல முடியுமா என்றுதான் கேட்கிறேன்.

பதின்மூன்றில் செப்டம்பரில் ஒன்று போனது. தாமரைக்குத் திடீரென்று ஷிப்ட் மாறியது. தீபாவளிக்குப் பின் இரண்டு. பிரவினுக்குத் தொற்றிக்கொள்ளும் கைகால் வாய்ப் புண் நோய் வந்து பாலனிடம் விட முடியவில்லை. நவம்பரில் வெள்ளம் வந்த நாள் ஒன்று. அன்று பாதிப் பள்ளி வரவில்லை. ஒவ்வொரு முறையும் லோஷினி கைவிரலை மடக்கி எண்ணுவாள். முன்பு அவளுக்கு அந்த எண்ணிக்கை தெரியாது. இப்போது அவளுக்குத்தான் எல்லாரையும்விடச் சரியாகத் தெரிந்தது.

வகுப்பில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஏழாவது வகுப்பு ஏழாவது வகுப்பாகவே இருந்தது. மின்விசிறி இரண்டுதான் சுழன்றது. தவறிப்போன ஐந்து மாதக் கணக்கு திரும்பி வரவில்லை. கணக்கில் இருபத்தொன்று வாங்கினாள். அக்டோபரில் ஒரு நாள் முகுந்தன் வகுப்பில் முதுகைத் திருப்பியிருந்தபோது அவரைப் போலவே தொண்டையைச் செருமிக் காட்டியிருக்கிறாள். வகுப்பே சிரித்தது. அவர் திரும்பி, யார் என்று கேட்டார். எழுந்து நின்றாள்.

"இன்னொருதரம் செய்," என்றாராம்.

செய்தாள். அவரும் சிரித்துவிட்டார். அன்று மாலை வேனில் ஏறியதும் இதை மூன்று முறை சொன்னாள். வகுப்பில் அவள் குரல் முதன்முதலாக வெளியே வந்த நாள் அது என்பதை நல்லம்மாள் புரிந்துகொள்ளச் சிறிது நேரமானது. "வாத்தியாரக் கிண்டல் பண்றதுக்கா நான் முட்டிவலியோட மாடி ஏறுனேன்?" என்று திட்டினார். திட்டும்போது கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததாக என் மகளின் தோழி ஒருத்தி சொன்னாள்.

வருடத்தின் கடைசிப் பள்ளி நாள். ஐம்பத்தொரு நாளில் கணக்கு நின்றது. மாலை ஆறரைக்கு லோஷினி மதிப்பெண் அட்டையோடு வந்து, மற்றவர்களுக்கு முன் ஓடி, ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். அட்டையை நல்லம்மாள் வாங்கிப் பார்த்தார். சிவப்பு மூன்று இடத்தில். அறிவியலில் ஐம்பத்தாறு. கீழே ஒரு கட்டத்தில் முகுந்தன் மலாயில் ஒரு வரி எழுதியிருந்தார்.

"என்னடி எழுதியிருக்காரு? படி."

"வகுப்பில் அதிகம் பேசுகிறாள், கட்டுப்படுத்த வேண்டும்."

"நல்லா வேணும்," என்றார் நல்லம்மாள். அட்டையை ஒருமுறை தடவிவிட்டுக் கொடுத்தார்.

துறைமுகச் சாலையில் லோரிகள் வரிசையாக நின்றிருந்தன. வேன் நகரவில்லை.

"ஆன்டி, அடுத்த வருஷம் மூணாம் படிவம். காலைப் பள்ளி."

"தெரியும்."

"காலையில உங்க வேன்ல தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்க இருக்காங்கதான? எடம் இருக்குமா?"

"இல்லன்னா என்ன செய்வ?"

"நடந்து போவேன்," என்றாள் லோஷினி. கேலியாகச் சொல்லவில்லை. வழியைக்கூட யோசித்துவைத்திருந்தாள், பாலத்துக்குக் கீழே போய், பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் திரும்பி, நாற்பது நிமிடம்.

நல்லம்மாள் முன்னால் நிற்கும் லோரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஹாரனை அழுத்தவில்லை.

"இந்த லோரி ரோட்டுல நீ நடந்துருவ. பெரிய இவ. அஞ்சே முக்காலுக்கு தம்பியோட கீழ வந்து நில்லு. ஒரு நிமிஷம் லேட்டானாலும் போயிருவேன்."

"அஞ்சு நாப்பதுக்கே நிப்பேன்," என்றாள் அவள்.